கோபத்தை அடக்குவதா, கொட்டித் தீர்ப்பதா? – உளவியல் ஆய்வுகள் சொல்வது என்ன?

"கோபம் வந்தால் அவருக்குக் கண்மண் தெரியாது. மற்றும்படி நல்ல மனுசன்." எமது ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெரியவரின் கோபத்தைக் குணம் என்று விட்டுவிடும் நாம், பிள்ளையின் கோபத்தை அடம் என்கிறோம், திமிர் என்கிறோம். கொட்டித் தீர்த்தால் மனம் ஆறிவிடும் என்ற நம்பிக்கையும் எம்மிடம் உண்டு. இவை எவ்வளவு சரி?

பிள்ளைகளின் கோபம்

அமெரிக்க உளவியலாளர் புளோரன்ஸ் குட்இனஃப், தாய்மார் வீட்டில் எழுதி வைத்த நாட்குறிப்புகளைக் கொண்டு சிறு பிள்ளைகளின் கோபத்தை ஆராய்ந்து, 1931இல் நூலாக வெளியிட்டார். பசி வேளையிலும் நோயுற்ற நாட்களிலும் கோபம் கூடுவதை அவர் கண்டார்.

2003இல் வெளியான மைக்கல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் ஆகியோரின் ஆய்வு, பிள்ளையின் வெடிப்பில் கோபமும் துயரமும் கலந்திருப்பதைக் காட்டியது. கத்துவதும் உதைப்பதும் தொடக்கத்திலேயே உச்சமடைந்து தணிகின்றன. அழுகையும் ஆறுதல் தேடுவதும் அதற்குப் பின்னரும் நீடிக்கின்றன. பெரும்பாலான வெடிப்புகள் ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. உச்சத்தில் நிற்கும் பிள்ளையோடு வாதாடுவதை விட, பக்கத்தில் அமைதியாக இருப்பது நல்லது.

கோபத்தைக் காட்டும் விதத்தைப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தும் பழகுகின்றனர். 1961இல் அல்பேர்ட் பண்டுரா குழுவினர் 3 முதல் 6 வயது வரையான 72 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு புகழ்பெற்றது. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்துத் திட்டுவதைப் பார்த்த பிள்ளைகளில் பலர், அதே அடிகளையும் சொற்களையும் திருப்பிச் செய்தனர்.

கொட்டினால் ஆறுமா?

2002இல் பிராட் புஷ்மன் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். முதலில் அவர்களுக்குக் கோபமூட்டப்பட்டது. பின்னர் ஒரு பிரிவினர், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தினர். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியாக எண்ணிக் குத்தினர். மூன்றாம் பிரிவினர் சும்மா இருந்தனர். இறுதியில் அதிக கோபத்தோடு இருந்தவர்கள் முதற் பிரிவினரே. சும்மா இருந்தவர்களிடமே வன்மம் மிகக் குறைவாக இருந்தது.

அப்படியானால் அடக்கிவிடலாமா? அதுவும் தீர்வல்ல. அருவருப்பூட்டும் படமொன்றைக் காட்டி, உணர்வை முகத்தில் காட்டாதிருக்கச் சொன்னார்கள் ஜேம்ஸ் குரொஸ், ரொபேர்ட் லெவென்சன் ஆகியோர் (1993). முகம் மறைத்தது; உள்ளுணர்வு குறையவில்லை; உடலின் பதற்றக் குறிகள் சில கூடின.

நடுவழி

உணர்வுக்குப் பெயரிடுவது உதவும் என்கின்றன வேறு ஆய்வுகள். மத்தியூ லீபர்மன் குழுவினரின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகப் படத்துக்கு அந்த உணர்வின் பெயரைச் சொன்னபோது, மூளையில் அபாயத்தை உணர்த்தும் அமிக்டலாப் பகுதியின் செயற்பாடு தணிந்தது. ஜோன் கொட்மன் பெற்றோருக்குச் சொன்னதும் இதையொட்டியதே: பிள்ளையின் உணர்வை ஏற்றுக்கொள்ளுங்கள், நடத்தைக்கு எல்லை வையுங்கள். "உனக்குக் கோபம் வந்திட்டுது, விளங்குது. ஆனால் தங்கச்சிக்கு அடிக்கக் கூடாது" என்பது அந்த வழி.

போருக்குப் பின்

எரிச்சலும் திடீர்க் கோப வெடிப்பும் போர் போன்ற பேரனுபவங்களின் பின் வரும் உளநெருக்கீட்டின் அறிகுறிகளில் அடங்குகின்றன. வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் கிளவுடியா கட்டானி குழுவினர் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு, போர் அனுபவமும் தந்தையின் மதுப் பழக்கமும் வீட்டு வன்முறையோடு தொடர்புபட்டிருப்பதைக் காட்டியது. களத்தில் பட்ட காயத்தின் வலியைக் குசினிக்குள் நிற்கும் மனைவியும் பிள்ளையும் சுமக்கிறார்கள். காயம் அடிப்பதற்கு நியாயமாகாது. ஆனால் அதற்குச் சிகிச்சை உண்டு.

கோபம் எல்லாமே நோயும் அல்ல. அநீதி இழைக்கப்பட்டதாக உணரும்போதே மனிதருக்குப் பெரும்பாலும் கோபம் வருகிறது என்று ஜேம்ஸ் அவெரில் 1980களில் எழுதினார். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி வீதியில் அமர்ந்திருக்கும் தாயின் கோபத்துக்கு மருந்து தேவையில்லை, பதில் தேவை. உரியவரிடம் கேட்க முடியாத கோபம் வீட்டிலுள்ள சின்னவர்கள் மேல் இறங்கும்போதுதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

கோபம் கட்டுமீறினால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ, 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையோ நாடலாம்.