சுவிட்ச் எங்கே இருக்கிறது?

அம்மாவின் முதல் வருஷத் திதி அன்று மதியம், சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு அப்பா கேட்டார். “வாசல் கேமராவுல அம்மா கோலம் போடறது இருக்கும்ல? கொஞ்சம் போட்டுக் காட்டேன்.”

கும்பகோணத்து வீட்டு வாசலில் அந்தக் கேமராவை மாட்டியவள் நான்தான். எனக்கு பெங்களூரில் வேலை. வீட்டில் வயதான ரெண்டு பேர் மட்டும். வாசலில் யாராவது அசைந்தால் பத்துப் பன்னிரண்டு நொடி பதிவு செய்து நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவிடும். விடிகாலை ஐந்தரைக்கு அம்மாவைத் தவிர வேறு யார் அசையப் போகிறார்கள்? வாளியோடு வருவாள், தண்ணீர் தெளிப்பாள், குனிந்து புள்ளி வைப்பாள். துண்டு துண்டாகத் தினமும் சேர்ந்துகொண்டிருந்தது. பிடித்ததற்கெல்லாம் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். நட்சத்திரம் போட்டவை அழியாது என்று ஆப் சொல்லியிருந்தது.

ஆப்பைத் திறந்தேன். சேவை நிறுத்தப்பட்டது என்று ஒரே ஒரு வரி. மெயிலில் தேடினேன். பதிவுகளை இறக்கிக்கொள்ள அறுபது நாள் அவகாசம் தந்திருந்தார்கள். அந்த மெயில் தள்ளுபடி அறிவிப்புகளுக்கு நடுவே கிடந்தது. அவகாசம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

“கேமரா நல்லாத்தானே இருக்கு? பச்சை லைட்டு எரியுதே” என்றார் அப்பா.

“கேமரா நல்லாத்தான் இருக்குப்பா. சர்வரை நிறுத்திட்டாங்க.”

“சர்வர் எங்க இருக்கு?”

“தெரியலைப்பா. அமெரிக்காவுலயோ சிங்கப்பூர்லயோ.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப சுவிட்ச் நம்ம வீட்ல இல்ல” என்றார்.

அப்பா மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பில் கட்டாத வீடுகளில் ப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர். ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவார். அவருக்கு அந்த ஒரு கேள்வி போதும். எனக்குப் போதவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வராமல், சுவிட்ச் எப்போது வீட்டை விட்டு வெளியே போனது என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் மாதக்கணக்கில் நீண்டது.

ஆரம்பத்தில் அது வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே இருந்திருக்கிறது. 1966-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஜிம் சதர்லேண்ட் என்கிற வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர், அலுவலகத்தில் உபரியாகக் கிடந்த பாகங்களைக் கொண்டு தன் வீட்டுக்கென்று ஒரு கணினியைக் கட்டினார். பெயர் எக்கோ ஃபோர். எடை சுமார் 800 பவுண்டு. வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டது, கடிகாரங்களை ஓட்டியது. விற்பனைக்கு வரவே இல்லை. பிற்காலத்தில் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஸ்மார்ட் வீட்டின் கொள்ளுப்பாட்டி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டி வீட்டைத் தாண்டி யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1969-ல், நீமன் மார்க்கஸ் என்கிற ஆடம்பரக் கடையின் விலைப்பட்டியலில் ஹனிவெல் நிறுவனத்தின் சமையலறைக் கணினி வந்தது. விலை 10,600 டாலர். சமையல் குறிப்பைச் சேமித்து வைக்குமாம். ஆனால் அதோடு பேசுவதற்கு வரிசையாக இருக்கும் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ள வேண்டும். பதிலாக விளக்குகள் எரியும், அணையும். அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரப் பயிற்சியும் உண்டு. ரசம் வைப்பதற்கு இரண்டு வாரம் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ஒன்றுகூட விற்றதாகச் சான்றில்லை. அதன் விளம்பரம் வீட்டுப் பெண்ணைப் பார்த்துக் கேலியாகப் பேசியது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலையை எளிதாக்குகிறேன் என்று வருகிற பொருட்கள், அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் முதலில் கேட்பது அபூர்வம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வந்தது. 1975-ல் ஸ்காட்லாந்தின் பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய எக்ஸ்-10. அந்த நிறுவனத்தின் பத்தாவது திட்டம் என்பதால் அந்தப் பெயர். இதற்குத் தனியாக வயர் இழுக்க வேண்டாம். சுவருக்குள் ஏற்கெனவே ஓடுகிற கரண்ட் வயரிலேயே சமிக்ஞையை ஏற்றி அனுப்பும். மாறுமின்னோட்டம் நொடிக்குப் பல தடவை பூஜ்யத்தைக் கடந்து போகும் அல்லவா, அந்தக் கணத்தில் சின்னதாக ஒரு துடிப்பு. 16 வீட்டுக் குறியீடு, ஒவ்வொன்றிலும் 16 கருவி. மொத்தம் 256 முகவரிகள். பக்கத்து வீட்டுக்காரரும் அதே ட்ரான்ஸ்பார்மரில் இருந்து, அதே குறியீட்டை வைத்திருந்தால், அவர் பொத்தானை அழுத்தும்போது உங்கள் விளக்கு எரியலாம்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். “அதுவாவது பரவால்ல. பக்கத்து வீட்டுக்காரன்னா போய்ச் சண்டை போடலாம்.”

சண்டை போட ஆள் இல்லாமல் போனது 2010-களில். 2011-ல் நெஸ்ட்டின் தெர்மோஸ்டாட் வந்தது. 2014 ஜனவரியில் கூகுள் அந்த நிறுவனத்தை 320 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே வருஷக் கடைசியில் அமேசானின் எக்கோ. பிட்ஸ்பர்க் பாட்டியின் பெயர்தான், ஆனால் இது நாம் சொன்னதைப் புரிந்துகொள்ள நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டாக வேண்டும். படுக்கையறை விளக்கை அணைக்கச் சொன்னால், குரல் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து பத்தடி தள்ளியிருக்கும் பல்பை அணைக்கிற காலம் அப்படித்தான் தொடங்கியது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? சதி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் காரணங்கள் சாதாரணமானவை. பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் அன்றைக்கு அந்தச் சின்னக் கருவிக்குள் அடங்காது. வீட்டு ரௌட்டரைத் திறந்து அமைக்கச் சொன்னால் பாதிப் பேர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சர்வர் வழியாகப் போனால் பெட்டியைப் பிரித்த ஐந்தாவது நிமிஷம் வேலை செய்யும். நானும் அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் மயங்கினேன்.

அதன் விலை என்ன என்பது 2016-ல் தெரிந்தது. ரிவால்வ் என்று ஒரு பெட்டி, சுமார் 300 டாலர். வீட்டிலுள்ள வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒன்றாக இயக்கும். 2014-ல் நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே 15 அன்று அதன் சர்வரை அணைத்தது. பெட்டிகள் பழுதாகவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில், அவர்கள் மேஜையிலேயே, ஒன்றுக்கும் உதவாமல் உட்கார்ந்திருந்தன. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. சுவரில் இருந்த சுவிட்சுகள் கையால் தட்டினால் வேலை செய்தன. போனிலிருந்து இயக்குவது போய்விட்டது. இரண்டு மாதத்தில் அதன் வாடிக்கையாளர்களில் சிலர் சேர்ந்து அந்த நிறுவனத்தையே வாங்கி சர்வரை மறுபடி ஓடவிட்டார்கள். எல்லாராலும் நிறுவனத்தை விலைக்கு வாங்க முடியாது.

தமிழ் படிக்கிற நமக்கு இது புதிதும் இல்லை. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில்தான் இணையத் தமிழ் இலக்கியப் பேச்சு நடந்தது. 2019 டிசம்பரில் யாஹூ குழுமங்களின் பழைய உள்ளடக்கத்தை அழித்தது. நம் சண்டைகளும் வெண்பாக்களும் யாருடைய திண்ணையில் நடந்தன என்று அப்போது யோசித்தவர்கள் குறைவு.

மாற்று இல்லாமல் இல்லை. 2013-ல் பாலஸ் ஸ்கௌட்சன் என்கிற டச்சுக்காரர் தன் வீட்டு விளக்குகளை இயக்கப் பைத்தானில் ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். அது ஹோம் அசிஸ்டென்ட் ஆனது. வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியில் ஓடும். யாரும் அதை வாங்கி மூடிவிடக் கூடாது என்பதற்காக 2024-ல் ஓர் அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்தார்கள். நானும் ஒரு ராஸ்பெரி பை வாங்கினேன். சர்வர் தேவைப்படாத கேமரா ஒன்றை வாசலில் மாட்டினேன்.

சொந்த சர்வர் வைத்தால் விடுதலை என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். முதல் கோடையிலேயே கரண்ட் போய்ப் போய் வந்ததில் மெமரி கார்டு செத்தது. எஸ்.எஸ்.டி. வாங்கினேன், பிறகு சின்னதாக ஒரு யு.பி.எஸ். எங்கள் இணைய இணைப்பு ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. பெங்களூரிலிருந்து நேராக வீட்டுக்குள் நுழைய முடியாது. நடுவில் வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, அதன் வழியாகத்தான் போகிறேன். ஆக, கொஞ்சம் சுவிட்ச் இப்போதும் வெளியில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாடகை சர்வர் நாளைக்கே மூடினாலும் கும்பகோணத்தில் பதிவானது கும்பகோணத்தில் இருக்கும்.

டேட்டா சென்டரில் வேலை பார்க்கும் தோழி சொன்னாள், “உன் டப்பாவை விட எங்க டிஸ்க் ஆயிரம் மடங்கு பத்திரம்டி.” உண்மைதான். அம்மா இருந்த டிஸ்க்கும் கடைசி வரை நன்றாகத்தான் இருந்திருக்கும். அது கெட்டுப்போகவில்லை. இனி வேண்டாம் என்று யாரோ ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி இல்லை. என் டப்பா கெட்டுப்போனால் அது என் தவறாக இருக்கும். அதை நான் தாங்கிக்கொள்வேன்.

ஒரே ஒரு துண்டு கிடைத்தது. ஒருநாள் அம்மா கோலத்தைப் போட்டு நிமிர்வதற்குள் மாடு வந்து மிதித்துவிட்டது. அவள் மாட்டைத் திட்டுவது வேடிக்கையாக இருந்ததால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். என் போன் மாறியதில் அது போய்விட்டது. திருவாரூர் சித்தியின் பழைய போனில் இருந்தது. பன்னிரண்டு நொடி. இப்போது அது அப்பா வீட்டு டப்பாவில், என் மடிக்கணினியில், சித்தி போனில் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. ஏட்டைப் பெயர்த்தெழுதி நாலு வீட்டில் வைத்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான், நான் நட்சத்திரத்தை நம்பி மறந்துவிட்டேன்.

போன தடவை ஊருக்குப் போனபோது, டப்பாவின் ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்திரி ஒட்டி அப்பா எண் போட்டிருந்தார். “நீ இல்லாதப்ப நின்னுபோனா எதை எடுத்து எதுல சொருகணும்னு எழுதிக் கொடு” என்று பழைய டைரியை நீட்டினார். தமிழில், வரிசையாக, ஒன்பது வரி எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுப் பத்தாவதாக அவரே ஒன்று எழுதிக்கொண்டார்.

‘முதலில் மெயினைப் பார்.’