குச்சிக்காட்டுக் களையும் நம்ம சங்கமும்

நம்ம கூட்டமைப்பில் வடாம் போட்டு விற்கிற அக்காமார் வாங்கும் ஜவ்வரிசி பெரும்பாலும் சேலம், நாமக்கல் பக்கத்துச் சரக்கு. அஸ்தினாபுரத்தில் மரவள்ளி என்கிறோம். நான் பிறந்த ஆத்தூர்ப் பக்கம் அது குச்சிக்கிழங்கு. குச்சியை வெட்டி நடுவதால் அந்தப் பேர்.

தென் அமெரிக்கச் செடி இது. போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் மலேயா ஜவ்வரிசி வராமல் போக, 1943 வாக்கில் சேலத்தில் இந்தக் கிழங்கிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். 1981-இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ராஜா பேரும் ஆலைக் கதையும் எழுதியாச்சு. களை வெட்டினவங்களை யாரும் எழுதவில்லை.

குச்சிக்குக் குச்சி இரண்டரை, மூன்றடி இடைவெளி. செடி நிதானமாகத்தான் வளரும். அந்த வெற்றிடத்தில் கோரை, அருகு, சாரணை, குப்பைமேனி எல்லாம் முந்திக்கொள்ளும். நட்ட இருபதாம் நாள் முதல் களை, அப்புறம் மாசத்துக்கு ஒன்று. கோரையை வெட்டினால் போதாது. கிழங்கோடு தோண்டாவிட்டால் பத்தே நாளில் மறுபடி தலைகாட்டும். பார்த்தீனியம் அதைவிட மோசம். 1955-இல் புனேயில் கண்ணில்பட்ட செடி, நாடு முழுக்கப் பரவிவிட்டது. கையால் பிடுங்கினால் அரிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு. நல்ல களையும் உண்டு. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மடியில் கட்டி வந்தால் ராத்திரிக் குழம்பு ஆச்சு.

குனிந்து களை வெட்டுவது பெம்பளை வேலை, அதனால் கூலியும் குறைவு. சமவேலைக்குச் சமஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தது. எங்க காட்டு வரப்பு வரைக்கும் அது வந்து சேரவில்லை. நாலாம் மாசம் செடி குடை விரித்ததும் களை அடங்கும், கூலியும் நின்றுவிடும். கிழங்கு பிடுங்க எட்டு, பத்து மாசம் ஆகும். இடையில் அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வட்டிக்காரர்தான் கதி.

1989-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதல் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது தருமபுரியில். பிறகு சேலத்துக்கு வந்தது. ரெண்டும் குச்சிக்கிழங்கு மண். 1997-98-இல் அதுதான் மகளிர் திட்டமாகித் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. நம்ம தாம்பரம் பக்கமும் வந்தது.

எங்க ஊர்ச் சங்கத்தில் சந்தா நாள் சனிக்கிழமை. களைக்கூலி அன்றைக்குத்தான் கைக்கு வரும். களை இல்லாத மாசங்களில் சந்தாவுக்குப் பதில் உள்கடன் கேட்டு வருவார்கள், கணக்கு நோட்டில் அந்தப் பக்கங்கள்தான் நிறைய.