வகுக்கும் எண் எது? ஸ்கோலின் ஆப்னியாவை முன்வைத்து ஒரு விவாதம்

மருத்துவ நூல்களில் ஒரு சிக்கலுக்குப் பக்கத்தில் ‘அரிது’ என்று போட்டிருந்தால், மாணவர் அதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு வார்டில் மறந்துவிடுகிறார். அந்த ‘அரிது’க்குப் பின்னால் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. யாருடைய தொகையால் வகுத்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சு உரிய நேரத்தில் திரும்பாமல் போகும் ‘ஸ்கோலின் ஆப்னியா’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பியக் கணக்கில் அரிதான இச்சிக்கல், தென்னிந்தியச் சமூகம் ஒன்றில் அப்படி அரிதல்ல. இதை ‘எதிர்பாராதது’ என்று எழுதுவதற்குக் காரணம் நோயின் இயல்பைவிட நம் கேள்விகளின் குறையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

சக்சினைல்கோலின் என்பது மருந்தின் பெயர்; நம் அறுவை அரங்குகளில் அது ஸ்கோலின்தான். 1951 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் வரை சிரையில் ஏற்றியதும், இமையிலும் முகத்திலும் தொடங்கிக் கால்வரை தசைகள் அலையலையாகத் துடிக்கும்; ஒரு நிமிடத்துக்குள் உடல் முழுதும் துவண்டுவிடும். மூச்சுக்குழலில் குழாயைச் செலுத்த அதுவே தருணம். 5 முதல் 10 நிமிடங்களில் நோயாளி தானாக மூச்சுவிடத் தொடங்குவார். வயிறு காலியாக இல்லாமல் வரும் அவசர நோயாளிக்கும், பொது மயக்கத்தில் செய்யும் அவசர சிசேரியனுக்கும், மனநலப் பிரிவில் மின்னதிர்வு சிகிச்சைக்கும் இம்மருந்தைத் தேடுவது இந்த வேகத்துக்காகத்தான்.

இதன் குறுகிய ஆயுள் மருந்தின் குணமல்ல, நம் இரத்தத்தின் குணம். கல்லீரல் உண்டாக்கும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி, ஏற்றிய மருந்தில் பெரும்பகுதியைத் தசையை எட்டுவதற்கு முன்பே சிதைத்துவிடுகிறது. அந்த நொதி வேலை செய்யாதவர்களுக்கு மருந்து முழுதாகத் தசைக்குப் போய்ச் சேரும். நிமிடக் கணக்கு மணிக்கணக்காகிவிடும். அரை மணி கடந்தும் மயக்க மருத்துவரின் கையிலுள்ள பை அசையாது. வென்டிலேட்டர் இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. மூச்சைக் கொடுத்துக்கொண்டு காத்திருப்பதே சிகிச்சை. இதில் கொடுமை வேறொன்று. தூக்க மருந்து தீர்ந்து நோயாளிக்கு நினைவு திரும்பியிருக்கும், விரலைக்கூட அசைக்க முடியாது. சுற்றியிருப்போர் பேசுவது அனைத்தும் காதில் விழும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுவதே பெரும்பாலும் வெளியே தெரியும் அடையாளம். அதனால்தான் மூச்சோடு தூக்கத்தையும் தொடர வேண்டும் என்கிறார்கள். பதற்றத்தில் நியோஸ்டிக்மின் ஏற்றுவதும் நல்லதல்ல. எஞ்சியிருக்கும் கொஞ்ச நொதியையும் அது முடக்கிவிடும்.

இது பரம்பரைக் குறை என்பதை டொராண்டோவில் வெர்னர் காலோ 1950களில் நிறுவினார். டைபுகெய்ன் என்ற மருந்து இயல்பான நொதியைச் சுமார் 80 விழுக்காடு தடுக்கிறது. மாறிய நொதியைச் சுமார் 20 விழுக்காடுதான் தடுக்கிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் மாற்றம் வந்தவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில், சுமார் 60. இந்த ‘டைபுகெய்ன் எண்’ இன்றும் பாடநூலில் இருக்கிறது. ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கும் அதோடு சேர்ந்து நம் பாடநூலுக்கு வந்துவிட்டது.

ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், தமிழ்நாடு எங்கும் பரவியுள்ள ஆரிய வைசியச் சமூகத்தில் இக்கணக்கு பொருந்தாது. அவர்களிடம் காணப்படும் மாற்றமே வேறு. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு அதை 2006இல் அடையாளம் கண்டது: நொதியின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின். இரு பெற்றோரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால் இரத்தத்தில் நொதியின் செயல்பாடு ஏறத்தாழ இல்லாமலே போகும். 2017இல் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில் வந்த தெற்காசிய மரபணு ஆய்வு, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இச்சமூகத்தில் இக்குறை பிறரைக் காட்டிலும் சுமார் 100 மடங்கு அதிகம் என்று சுட்டியது. நூறு மடங்கு வேறுபாட்டுக்கும் ‘அரிது’ என்ற ஒரே அடையாளத்தை ஒட்டிவைப்பது எப்படிச் சரியாகும்?

இங்கே ஒரு பரவலான தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். சொந்தத்தில் பெண் எடுப்பதால்தான் இவையெல்லாம் வருகின்றன என்று டாக்டர்களே சொல்வதுண்டு. அது பாதி உண்மை. பல தலைமுறைகளுக்கு முன் சில மூதாதையரிடமிருந்து பெருகி, பின் தமக்குள்ளேயே மணம் செய்துவந்த சமூகத்தில், கணவனும் மனைவியும் எந்த உறவுமுறையும் தெரியாதவர்களாக இருந்தாலும் ஒரே மாற்றத்தைச் சுமந்திருக்கக்கூடும். மாமன் மகளைக் கட்டாவிட்டால் தப்பிவிடலாம் என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை.

அப்படியானால் அறுவைக்கு முன் சாதியைக் கேட்டுவிட்டால் போதுமா? மயக்கவியல் மருத்துவர் பலர் கேட்கவும் செய்கிறார்கள். அதில் மருத்துவ நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அது நம்பகமான கேள்வி அல்ல. பெயரை வைத்துச் சமூகத்தை ஊகிக்க முடியாது. ‘செட்டியார்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் நகரத்தாரும் வாணியரும் வைசியரும் ஒன்றாகிவிடுவார்கள், அவர்களுக்குள் மரபுவழித் தொடர்பு இல்லாதபோதும். கலப்பு மணத்தில் பிறந்தவர் என்ன சொல்வார்? வேறு சமூகத்தாரிடமும் இக்குறை உண்டு என்பது இன்னொரு புறம். சமூகம் ஓர் எச்சரிக்கை. அதை நோயறிதலாக்குவது சோம்பல்.

கேட்கவேண்டியது வேறு: ‘உங்க குடும்பத்துல யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு வர லேட்டாச்சா? வென்டிலேட்டர்ல வெச்சாங்களா?’ இக்கேள்வியின் வலிமைக்கு, வேறொரு மயக்க மருந்துச் சிக்கலில், மெல்போர்னில் ஒரு சான்று உண்டு. கால் முறிந்து வந்த 21 வயது மாணவர் ஒருவர், காலைவிட மயக்க மருந்தை எண்ணியே அஞ்சினார். உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள். அவருக்குப் புதிய மருந்தான ஹாலோதேன் கொடுக்கப்பட்டது. காய்ச்சல் ஏறியது, குளிரவைத்து மீட்டார்கள். மருத்துவர்கள் டென்பரோவும் லொவெல்லும் இதை 1960இல் ‘லான்செட்’டுக்குக் கடிதமாக எழுதினார்கள். ‘மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா’ என்று இன்று அறியப்படும் நோயின் ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது. பத்து மரணங்களும் தனித்தனியே எதிர்பாராதவையாகக் கருதப்பட்டிருக்கலாம். அவற்றைக் கூட்டிப் பார்த்தது அந்தக் குடும்பம். சான்றுகளின் படிநிலையில் தனி நேர்வுக் குறிப்பைக் கடைசிப் படியில் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

நம் மருத்துவமனைகளில் அந்தக் கூட்டல் நடப்பதில்லை. ஸ்கோலின் ஆப்னியா வந்து பிழைத்தவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவையின் விவரம் இருக்கும். மூச்சு திரும்பத் தாமதமானது பல நேரம் இருக்காது, இருந்தாலும் குடும்பத்துக்குப் புரியும்படி இருக்காது. பெற்றோர் இருவரும் ஒவ்வொரு மாற்றப் பிரதியைச் சுமந்தால், நோயாளியின் உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ‘மூவாயிரத்தில் ஒன்று’ அவர்களுக்கு எந்தப் பொருளும் தராது.

சோதனை இல்லை என்றும் சொல்ல முடியாது. பூச்சிமருந்து குடித்து வருவோருக்காகக் கோலினெஸ்டரேஸ் அளவை நம் ஊர் ஆய்வகங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. வைசியரிடம் காணும் மாற்றத்தில் நொதியே ஏறத்தாழச் செயல்படாததால், டைபுகெய்ன் எண் இல்லாமலே அந்த எளிய சோதனையில் குறை தெரிந்துவிடும். இரு பிரதிகளும் மாறியவர்களையேனும் அறுவைக்கு முன் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பிரதி மட்டும் மாறியவர்களின் அளவு இயல்பானவர்களின் அளவோடு கலந்துவிடக்கூடும். கல்லீரல் நோயிலும் கர்ப்பத்திலும் அளவு குறையும் என்பதால் சூழலையும் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். எதிர்த்திசையிலும் ஒரு தவறு காத்திருக்கிறது: பிறவியிலேயே நொதி குறைந்தவர் வேறு ஏதோ காரணத்தால் நினைவிழந்து வந்தால், அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவர் விஷம் குடித்தார் என்று முடிவுகட்டி அட்ரோபின் தொடங்கிவிடக்கூடும்.