ஏலமும் ஏலமும்

தமிழில் ‘ஏலம்’ என்னும் ஒரு சொல் இரு பொருள் தாங்கி நிற்கிறது. ஒன்று மலையில் விளையும் மணப்பொருள். மற்றொன்று விலை கூறி விற்கும் முறை. பின்னது போர்த்துக்கீசியர் வழி நம்மிடம் வந்த சொல் என்றும், அதன் மூலம் அறிவித்தல் எனப் பொருள்படும் ‘இஃலாம்’ என்ற அரபுச் சொல் என்றும் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். இவ்விரண்டு ஏலங்களும் கூடி வாழும் ஊர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூர். சந்தையின் சுதந்திரம் பற்றி அறிஞர் உலகம் நடத்திவரும் நெடிய வாதத்தை இவ்வூரில் நின்று நோக்கினால் சில உண்மைகள் நமக்குத் துலங்கும்.

போடிமெட்டுக்கு அப்பால் விரியும் ஏலமலைகள் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஏலக்காய் வணிகம் அரசின் ஏகபோகம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிப் பயிரிட்ட குடியானவர், தம் விளைச்சலை அரசுக்கே, அரசு வகுத்த விலைக்கே கொடுத்தாக வேண்டும். கீழேயோ, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மதுரைச் சீமையில் வணிகர் காத்திருந்தனர். விளைவு யாது? கணவாய்களின் வழியே கள்ளச் சரக்கு இறங்கிற்று; அதைத் தடுக்கக் காவற்சாவடிகள் எழுந்தன. அந்நூற்றாண்டின் இறுதிவாக்கில் சமஸ்தானமே ஏகபோகத்தைக் கைவிட்டு நிலவரிக்கு மாறிற்று. விலையைக் கட்டிப்போட்டால் சரக்கு வேறு வழி தேடும் என்னும் வாதத்திற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

விலை என்பது வெறும் எண்ணன்று, பல்லாயிரவரிடம் சிதறிக் கிடக்கும் செய்திகளின் திரட்டு என்று 1945இல் எழுதினார் பொருளியலறிஞர் ஹாயெக். குவாத்தமாலாவில் மழை பொய்த்தாலும், அரபு நாடுகளில் கஹ்வாவுக்கு ஏலக்காய் மிகுதியாகத் தேவைப்பட்டாலும், போடி ஏலக்கூடத்தில் விலை அசைகிறது. 2018இல் இடுக்கி மலைகளைப் பெருவெள்ளம் சிதைத்தது. அடுத்த ஆண்டு மழை தாமதித்தது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. 2022இலோ சராசரி விலை 1000 ரூபாய்க்கும் கீழே வீழ்ந்தது. சந்தை உண்மை பேசுகிறது. ஆனால் இரக்கத்தோடு பேசுவதில்லை. விடியற்காலையில் ஜீப்பேறி மலைக்குச் செல்லும் கூலிப் பெண்களுக்கு விலை உயர்வில் கிடைப்பது சிறிது. வீழ்ச்சியில் அவர்கள் இழப்பது வேலைநாள்.

எனினும் இச்சந்தையில் ஓர் ஒழுங்குண்டு. வணிகர் மாதிரிக் காயைக் கையிலெடுக்கிறார். நிறமும் பருமனும் நோக்குகிறார். பிறகே விலை கேட்கிறார். இன்று கணினி வழியே ஏலம் நடந்தாலும் காயைக் கண்ட பின்னரே கேள்வி. தவறாகக் கணித்தால் நட்டம் அவருடையதே. அரசு விலை வகுப்பதில்லை. 1965ஆம் ஆண்டின் ஏலக்காய்ச் சட்டத்தின்படி அமைந்த வாரியமும், 1987இல் அதன் இடத்துக்கு வந்த நறுமணப் பொருள் வாரியமும் களத்தைக் காவல் செய்தன.

2008இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. வீட்டுக் கடன் கொடுத்தவர் அக்கடனையே பத்திரமாக்கிக் கைமாற்றினார். வாங்கியவர் வீட்டையும் அறியார், கடன்பட்டவரையும் அறியார். செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலாயிற்று. மறுநாளே ஏஐஜி என்னும் காப்பீட்டு நிறுவனத்தைக் காக்க 8500 கோடி டாலர் கடனை மத்திய வங்கி முன்வைத்தது. கட்டுப்பாடு தளர்ந்ததே காரணம் என்றனர் ஒரு சாரார். மத்திய வங்கி வட்டியை அளவுக்கு மீறிக் குறைத்ததும், விழுவோரை அரசு தாங்கும் என்ற நம்பிக்கையுமே காரணம் என்றனர் சந்தைச் சுதந்திரவாதிகள். இரு கூற்றிலும் உண்மையுண்டு. ஆதாயம் தனியாருக்கு, நட்டம் பொதுமக்களுக்கு என்றானபின் அதைச் சந்தை என்று எவ்வாறு அழைப்பது?

நம் ஃபிக்ஹு நூல்கள் ‘அல்கராஜு பிள்ளமான்’ என்றொரு விதி வகுத்துள்ளன. நட்டத்திற்குப் பொறுப்பேற்பவனுக்கே ஆதாயம் உரியது என்பது அதன் கருத்து. மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயிக்க வேண்டப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. அதே நபிகளார்தாம் பதுக்கலைக் கண்டித்தார்கள்; வாங்கும் எண்ணமின்றி விலையேற்றிக் கேட்கும் ‘நஜ்ஷ்’ என்னும் சூழ்ச்சியையும் தடுத்தார்கள். விலைக்குச் சுதந்திரம், வஞ்சகத்திற்குத் தடை: இரண்டும் ஒரே அறத்தின் இரு பக்கங்களாம்.

ஆகவே, சந்தை சுதந்திரமானதா என்று மட்டும் கேட்பது போதாது. பொருள் கண்முன் உள்ளதா, ஆதாயம் பெறுவோர் நட்டத்தையும் சுமக்கிறாரா என்றும் நாம் கேட்டாக வேண்டும். கடை வைத்திருப்போரும், சீட்டுக்கும் பங்குக்கும் பணம் கட்டுவோரும் நம் குடும்பங்களில் பலர். போடி வணிகர் காயைப் பிளந்து பார்ப்பதுபோல், அவர்களும் பணம் கொடுக்குமுன் இவ்விரு கேள்விகளையும் கேட்பார்களாக!