அலறலுக்கு வாத்தியார் கிடைத்த கதை

முதல் உலகப் போரில் ஜெர்மன் படைக்குப் போன ஆல்ஃபிரட் வுல்ஃப்சோன் 1896இல் பெர்லினில் பிறந்தவர். யூதர். அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவரும் வேலை அவருக்கு. அப்போது இருபது வயதைச் சுற்றித்தான் இருக்கும். உயிர் போகிற நேரத்தில் மனிதத் தொண்டை என்னென்ன ஓசை எழுப்பும் என்பதைப் பதுங்குகுழிகளுக்கு நடுவே அவர் தினம் தினம் கேட்டார். போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அந்த ஓலம் ஓயவில்லை, காதுக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது. மருத்துவம் பார்த்தும் குணம் தெரியவில்லை. பாட்டு வாத்தியார்களிடம் போனார், அவர்கள் சொல்லிக்கொடுத்தது அவருக்குப் போதவில்லை. கடைசியில், கேட்ட ஓலங்களைத் தன் தொண்டையாலேயே எழுப்பிப் பார்ப்பது என்று இறங்கினார். அவை தன் வாயிலிருந்து வரத் தொடங்கியதும், காதுக்குள் இருந்த இரைச்சல் மெல்ல விட்டது.

மெட்டல் இசையில் தொண்டை கெடாமல் அலறுவது எப்படி என்று இன்று காசு கொடுத்துக் கற்க முடிகிறது. அதற்கென்று வாத்தியார்கள் இருக்கிறார்கள், பாடத்திட்டம் இருக்கிறது. அந்தப் பாடத்தின் பிறப்பை நான் அந்தப் பதுங்குகுழிகளில்தான் வைப்பேன். வுல்ஃப்சோனுக்கும் மெட்டலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் அலறலும் பாட்டுக்குரிய குரல்தான், அதையும் பழக்கி வளர்க்கலாம் என்று நம்பி, அதற்காக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டவர் அவர்.

நாஜிகளுக்குத் தப்பி 1939இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். போருக்குப் பின் அங்கே அவரிடம் கற்ற ஜென்னி ஜான்சன் என்ற பெண், ஆணின் அடித்தொண்டைக் குரலிலிருந்து பறவையின் கீச்சுக் குரல் வரை போய்வந்தார். இப்படிப் பாடினால் தொண்டை கிழியாதா என்று எல்லோரும் கேட்டார்கள். சூரிச் நகரின் குரல் மருத்துவர் லுக்சிங்கர் ஜென்னியின் குரல்வளையைப் பரிசோதித்தார். அதில் அசாதாரணமாக எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு இருக்கும் அதே குரல்வளைதான். 1956இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வுல்ஃப்சோனின் மாணவர்களை ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிட்டது. இன்னொரு மாணவரான ராய் ஹார்ட்டின் குரலை மனதில் வைத்து இசையமைப்பாளர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் ஒரு படைப்பையே எழுதினார். பித்துப் பிடித்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரைப் பற்றிய அந்தப் படைப்பு 1969இல் லண்டனில் அரங்கேறியது. மன்னர் அதில் ஊளையிடுகிறார், கீச்சிடுகிறார், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுருதிகளை எழுப்புகிறார்.

மறு ஆண்டு, 1970இல், பர்மிங்ஹாம் நகரத்து மெட்டல் குழுவான பிளாக் சபாத் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன் பாட்டுக்கு நடுவே வீரிட்டு அலறிக் காட்டினார். ஆனால் வுல்ஃப்சோன் கண்டுபிடித்தது இந்த மெட்டல் பக்கம் வந்து சேரவில்லை. இங்கே எல்லோரும் கேள்வி ஞானத்தில் பழகியவர்கள். 1985இல் பொசெஸ்ட், 1987இல் டெத், நேபாம் டெத் ஆகிய குழுக்களின் ஆல்பங்களில் குரல் உறுமலாக மாறியது. உலகமெங்கும் பையன்கள் கேசட்டைப் போட்டுக் கேட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அதேபோல் கத்திப் பார்த்தார்கள். சிலருக்குத் தொண்டை தானாகவே சரியான வழியைக் கண்டுகொண்டது. மற்றவர்கள் கச்சேரி முடிந்ததும் குரல் கம்மி, அடுத்த ஊருக்குள் பேச்சே வராமல் இறங்கினார்கள். ரத்தம் வரக் கத்தினால்தான் உண்மையான பாட்டு என்று பெருமை பேசுவதும் அந்தக் காலத்தில் சேர்ந்துகொண்டது. அந்தப் பெருமை எத்தனையோ நல்ல குரல்களைக் காவு வாங்கியிருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். குரல்வளையில் குறுக்கே இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம் நீளம், மேலே ஈரமான மெல்லிய உறை. சாதாரணமாகப் பேசும்போதே ஆணுக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்ணுக்கு இருநூறு தடவை அளவிலும் அவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. கழுத்தை இறுக்கி, காற்றை முட்டித் தள்ளிக் கத்தினால் ஒவ்வொரு மோதலும் அடியாகிறது. உறை வீங்குகிறது. வீக்கம் ஆறுவதற்குள் மறுபடி கத்தினால், மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் காய்ப்பு காய்ப்பதுபோல், நாண்கள் மோதும் இடத்தில் இரண்டு பக்கமும் முடிச்சு விழுகிறது. முடிச்சு விழுந்த நாண்கள் முழுதாக மூடாது. இடையில் காற்று கசியும். அதை ஈடுகட்ட ஆள் இன்னும் பலமாகக் கத்துவார். முடிச்சு இன்னும் தடிக்கும்.

இந்தச் சுழலை உடைக்க முறையாகப் பாடம் சொன்னவர்களில் முதலில் பெயர் எடுத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த மெலிசா கிராஸ். அவர் படித்தது சாஸ்திரியப் பாட்டும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் நடிப்பும். பாடப் போனது பங்க் ராக். அதில் குரலை இழந்து, திரும்பப் பெற்றவர். ஹார்ட்கோர், மெட்டல் பாடகர்கள் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு அவரிடம் வந்து சேர்ந்தபோது, மற்ற வாத்தியார்கள் சொன்னதை அவர் சொல்லவில்லை. கத்துவதை நிறுத்து என்பதுதான் அந்த மற்றவர்களின் அறிவுரை. இவரோ, கத்து, ஆனால் இப்படிக் கத்து என்றார். மெட்டலில் பாடம் உருவெடுத்தது இந்த ஒரு வார்த்தையில்தான் என்பது என் தீர்மானம். 2005இல் ‘தி ஜென் ஆஃப் ஸ்க்ரீமிங்’ என்ற பயிற்சி டிவிடியை வெளியிட்டார். லேம்ப் ஆஃப் காட் குழுவின் ராண்டி பிளைத்தும் ஆர்ச் எனிமி குழுவின் ஏஞ்சலா கோசோவும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். மேடையில் உறுமிய ஆட்களே வாத்தியாரிடம் போகிறார்கள் என்று தெரிந்ததும், கற்றுக்கொள்வது கௌரவக் குறைவு என்ற நினைப்பு இளைஞர்களிடம் தளர்ந்தது.

பாடம் எப்படி நடக்கும்? முதலில் அலறலே கிடையாது. விலா எலும்புகள் விரியும்படி மூச்சை இழுத்து, ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய ஒரே சீரான கசிவாக வெளியே விட வேண்டும். மூச்சு பிடிபட்ட பிறகு சாதாரணக் குரலில் மேலும் கீழும் பாடித் தொண்டையைச் சூடாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெருமூச்சு விடுவதுபோல் சன்னமான உறுமல். ஆம், சன்னமாகத்தான். தேர்ந்த பாடகர் பக்கத்தில் நின்று கேட்டால், மேடையில் காதை அடைத்த அந்தக் குரலா இது என்று தோன்றும். மைக்கும் ஒலிபெருக்கியும் செய்கிற வேலையைத் தொண்டை செய்யத் தேவையில்லை. தொண்டையில் அரிப்போ இருமலோ வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். வலியை மரக்கடிக்கும் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு பாடுவது, எச்சரிக்கை மணியின் வாயை அடைப்பதற்குச் சமம்.

உறுமல் எங்கிருந்து வருகிறது என்பதையும் இப்போது கண்ணால் பார்க்கலாம். பாடும் குரல்வளையை முதலில் பார்த்தவர்களில் ஒருவர் ஒரு பாட்டு வாத்தியார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மானுவேல் கார்சியா 1854இல் பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தான் பாடும்போது தன் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். இன்று மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்குகிறார்கள். லோர்னா ஷோர் குழுவின் வில் ராமோஸ் அப்படிக் கேமராவோடு உறுமிக் காட்டினார். குரல் நாண்களுக்கு மேலே பொய் நாண்கள் என்று இரண்டு தடித்த மடிப்புகள் உண்டு. பேசும்போது அவை பெரும்பாலும் சும்மா ஒதுங்கியிருக்கும். உறுமலில் அவை நெருங்கி வந்து அதிர்கின்றன, அவற்றுக்கும் மேலே உள்ள தசை மடிப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. கரகரப்பின் பெரும்பங்கை மேல்தளம் ஏற்றுக்கொள்வதால், கீழே உள்ள மென்மையான நாண்கள் அடி வாங்காமல் தப்ப இடம் கிடைக்கிறது. ரஷ்யாவில் உள்ள தூவா பகுதிப் பாடகர்கள் கார்கிரா என்ற அடித்தொண்டைப் பாட்டில் இதே பொய் நாண்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவருகிறார்கள்.

பாடம் வந்துவிட்டதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. கில்ஸ்விட்ச் எங்கேஜ் குழுவின் ஜெஸ்ஸி லீச் நெடுங்காலம் பாடிய பிறகு 2018இல் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மாதக்கணக்கில் குரல் பயிற்சி செய்துதான் திரும்ப வந்தார், 2019இல் ஆல்பமும் வந்தது. அனுபவஸ்தரே மறுபடி பாலபாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அதனால் மெட்டல் அலறல் பழகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். நாள் முழுக்கத் தண்ணீர் குடியுங்கள். குடிக்கும் தண்ணீர் நாண்களைத் தொடாது, உடம்பு வழியாகத்தான் அங்கே போய்ச் சேரும், அதனால் பாடுகிற நேரத்தில் ஒரு மடக்கு குடித்தால் மட்டும் போதாது. குரல் கம்மியிருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம், கிசுகிசுப்பதும் வேண்டாம். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்டல் பாடுகிறேன் என்று அவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நல்ல வாத்தியார் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.