தொகுதி மறுவரையறை: 1971-இல் நின்றுபோன கணக்கு

தொகுதி மறுவரையறை பற்றிய விவாதங்களில் இருவேறு செயல்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. மாநிலங்களுக்கிடையே மக்களவை இடங்களைப் பங்கிடுவது ஒன்று. பங்கிட்ட இடங்களுக்கு மாநிலத்துக்குள் எல்லை வகுப்பது மற்றொன்று. ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னும் இரண்டையும் சீர்செய்ய வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 82ஆம் கூறு.

1952, 1962, 1972 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின்கீழ் அமைந்த ஆணையங்கள் அவ்வாறே இரண்டையும் செய்தன. 1961 கணக்கெடுப்பை ஒட்டிச் சென்னை மாநிலத்தின் இடங்கள் 41-இலிருந்து 39 ஆயின. 1967 பொதுத்தேர்தல் அந்த எண்ணிக்கையில்தான் நடந்தது. ஆகவே, மக்கள்தொகை மெதுவாக வளரும் மாநிலம் இடம் இழக்கும் என்பது ஊகமன்று, நடந்த வரலாறு.

இப்பங்கீட்டை நிறுத்தியது நெருக்கடிநிலைக் காலத்து 42ஆம் திருத்தம் (1976). அதைக் கூட்டாட்சிக்குக் கிடைத்த உத்தரவாதமாக இன்று பலர் கருதுகின்றனர். ஆனால் 1976 ஏப்ரலில் கரண் சிங் வெளியிட்ட தேசிய மக்கள்தொகைக் கொள்கை அறிக்கையிலேயே, 2001 வரை 1971-இன் எண்ணிக்கையே நீடிக்கும் என்ற அறிவிப்பு இடம்பெற்றது. கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்ற மாநிலங்களுக்கு இடமளித்ததும் அதே அறிக்கைதான். 2000ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கொள்கையும் இம்முடக்கத்தை ஓர் ஊக்குவிப்பாகவே முன்வைத்தது. 84ஆம் திருத்தம் அதனை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

எல்லைகளும் முடங்கியிருந்ததன் விளைவைத் தில்லியில் கண்டோம். புறநகர் தில்லித் தொகுதியில் வாக்காளர்கள் 30 லட்சத்தைக் கடந்தபோது, சாந்தினி சவுக்கில் அதில் ஒரு சிறு பங்கினரே இருந்தனர். எனவே 84, 87ஆம் திருத்தங்கள் எல்லைகளை மட்டும் விடுவித்தன. 2001 கணக்கெடுப்பின்படி குல்தீப் சிங் ஆணையம் பெரும்பாலான மாநிலங்களில் வகுத்த எல்லைகளில் 2009 தேர்தல் நடந்தது. மாநிலங்களின் பங்கைத் தொடாமலே எல்லைகளைத் திருத்தலாம் என்பதற்கு இதுவே சான்று.

மறுதரப்பின் நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி பீகாரில் ஓர் உறுப்பினர் சராசரியாக 26 லட்சம் பேரையும், கேரளத்தில் ஏறத்தாழ 17 லட்சம் பேரையும் பிரதிநிதித்துவப்படுத்துகிறார். வாக்கின் மதிப்பு சமமாக இருக்க வேண்டும் என்பதும் அரசமைப்பின் அறமே.

சிக்கல் இங்குதான் உள்ளது. ஊக்குவிப்பாகத் தரப்பட்ட சலுகைக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் அதுவும் முடியும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கான பரிசு என்ற வாதத்தையே தென்மாநிலங்கள் தொடர்ந்து நம்பியிருந்தால், 1976-இன் தற்காலிக ஏற்பாட்டையே மீண்டும் இரந்து நிற்க நேரும். மாநிலங்கள் வெறும் மக்கள்திரள்கள் அல்ல, ஒன்றியத்தின் உறுப்புகள் என்ற அடிப்படையில் வாதத்தைக் கட்டினால்தான் அது அடுத்த கணக்கெடுப்பைத் தாண்டியும் நிற்கும். அந்த வாதம் அரை நூற்றாண்டாக முழுமையாக எழுதப்படவில்லை. இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.