யார் தப்புன்னு கேட்காத சட்டம்

மிச்சிகனில் முதல் தடவை கார் இன்சூரன்ஸ் பில்லைப் பார்த்தப்போ, இது காருக்கா வீட்டுக்கான்னு சந்தேகமே வந்துடுச்சு. ஏன் இவ்வளவுன்னு தோண்டப் போய்த்தான் இந்தக் கதை கிடைச்சது.

1973 அக்டோபர் 1-ல் அங்கே 'நோ-ஃபால்ட்' சட்டம் அமலுக்கு வந்தது. யார் மேல தப்புன்னு கோர்ட்டில் முடிவாகறதுக்குள்ள அடிபட்டவர் கடனாளி ஆயிடுவார் இல்லையா? அதனால, தப்பு யாருதா இருந்தாலும் அவரவர் இன்சூரன்ஸே வைத்தியச் செலவைக் கொடுத்துடணும். வாழ்நாள் முழுக்க, உச்சவரம்பே கிடையாது. பதிலுக்கு, இடிச்சவர் மேல வழக்கு போடற உரிமையை ரொம்பச் சுருக்கிட்டாங்க. வழக்கு குறையும்னு கணக்கு. என்ன ஆச்சுன்னா, கோர்ட்டுக்குப் போற ஆள்தான் மாறினது :-) பில் பாக்கிக்காக ஆஸ்பத்திரிகள் இன்சூரன்ஸ் கம்பெனிகளை இழுக்க ஆரம்பிச்சன.

அதில் முக்கியமான வழக்கு, சாகினாவில் இருக்கிற கவனன்ட் ஆஸ்பத்திரியோடது. 2011-ல் விபத்தில் சிக்கினவருக்கு வைத்தியம் பார்த்து 43,484 டாலருக்கு பில் அனுப்பினாங்க. ஸ்டேட் ஃபார்ம் அதைக் கட்டாமலே, 2013-ல் நோயாளிகிட்ட 59,000 டாலருக்கு சமரசம் பேசி, இனி எதுவும் கேட்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டாங்க. 2015-ல் மேல்முறையீட்டில் ஆஸ்பத்திரி ஜெயிச்சது. ஆனா 2017 மே மாசம் மாநில உச்ச நீதிமன்றம், ஆஸ்பத்திரி நேரா வழக்கு போடலாம்னு சட்டத்தில் எங்கேயும் இல்லைன்னுடுச்சு. வருஷக்கணக்கா கீழ்க்கோர்ட்டுகள் அனுமதிச்சு வந்ததெல்லாம் காலி. ஆஸ்பத்திரி வேணும்னா நோயாளிகிட்டயே கேட்டுக்கலாமாம். யாரைக் காப்பாத்த சட்டம் வந்ததோ, அவர் வாசலுக்கே பில் வந்து நின்னது.

அப்புறம் என்ன, கட்டோட படுத்திருக்கிறவர்கிட்ட 'என் உரிமையை ஆஸ்பத்திரிக்கு மாத்தித் தரேன்'னு கையெழுத்து வாங்கற வேலைதான். அதிலும் கையெழுத்துத் தேதிக்கு ஒரு வருஷத்துக்கு முந்தைய பாக்கி போனது போனதுதான்.

2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஆஸ்பத்திரிகளே வழக்கு போடலாம்னு எழுதிட்டாங்க. அதே திருத்தம் கட்டாய உச்சவரம்பில்லா வைத்தியத்தையும் எடுத்துடுச்சு. 2021 ஜூலையிலிருந்து, மெடிகேர் கட்டணம் இல்லாத சேவைகளுக்கு 2019 ஜனவரியில் வாங்கினதில் 55 சதவீதம்தான். வீட்டில் வந்து கவனிச்சுக்கற ஏஜென்சிகள் சில கட்டுப்படியாகாம மூடின. முதுகுத்தண்டு அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறவரைப் புரட்டிப் போட ஆள் வேணாமா?

திருத்தம் வர்றதுக்கு முன்னாடி அடிபட்டவங்களுக்கு இந்த வெட்டு செல்லாதுன்னு 2023 ஜூலை 31-ல் தீர்ப்பு வந்தது. அதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடியிருந்தது.